நீலம் தெரிந்த இடம்

வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயிலை வலம் வரும்போது, வடகிழக்கு மூலையை நெருங்கியதும் வீரமுத்து விலகி நடப்பார். சுவரை ஒட்டி நேராகப் போகாமல், செம்பனை மரங்கள் தொடங்கும் வேலிவரை ஒதுங்கி, வில்லைப்போல வளைந்து, மறுபடியும் சுவரோரம் வந்து சேர்வார். கோயில் தலைவரே அப்படி நடப்பதைப் பார்த்து மற்றவர்களும் அவ்வாறே நடந்தார்கள். நாளடைவில் புல் தேய்ந்து, அங்கே வளைந்த பாதை ஒன்று உண்டாகிவிட்டது. காரணம் கேட்டவர்களுக்கு அவர் ஒரு புன்னகையைத் தந்தாரே தவிர, பதில் தந்ததில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் காரணங்கள் தாமாகவே முளைக்கும். நாகம் குடியிருக்கிறது என்றார் ஒருவர். முனி இளைப்பாறும் இடம் என்றார் இன்னொருவர். நடந்ததை அறிந்த ஒரே மனிதர் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தார்.

மலேசியாவில் லூபோக் சீனா என்ற சிற்றூருக்கு அருகிலிருந்த அந்த ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல காலம் ஆயிற்று. தொழிலாளர் லயங்கள் இடிபட்டு, தாமான் எனப்படும் புதுக் குடியிருப்பின் வீடுகள் எழுந்தன. மாரியம்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவ்வாண்டு மழை பொய்த்தது. மேட்டு வீடுகளின் குழாய்களில் காற்றுதான் வந்தது. திருவிழாவும் நெருங்கியதால், கோயிலுக்கும் அவ்வீடுகளுக்கும் சேர்த்து ஓர் ஆழ்குழாய்க் கிணறு இறக்குவதென்று முடிவாகி, செயலாளர் தனபாலன் மலாக்காவிலிருந்து தேவமலரை அழைத்து வந்தார்.

மண்ணைத் தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதை அறிவது அவளுடைய தொழில். எஃகுக் கம்பிகளை வரிசையாக நிலத்தில் அறைந்து, நீண்ட வடம் ஒன்றால் இணைத்து, இரண்டு கம்பிகளின் வழியே சிறிது மின்சாரத்தை உள்ளே செலுத்துவாள். அது நிலத்தடியில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதை வேறு இரண்டு கம்பிகள் அளந்து சொல்லும். ஈரம் மின்சாரத்துக்கு வழிவிடும். காய்ந்த பாறை தடுக்கும். அந்த வேறுபாட்டைக் கணினி வண்ணப் படமாக வரைந்து காட்டும்.

கம்பி வரிசை வடகிழக்கு மூலையை நோக்கிச் செல்வதைக் கண்டதும் வீரமுத்து எழுந்து வந்தார்.

"ஏம்மா, அந்த மூலைய விட்டுட்டு இப்படி வளைச்சு அடிக்கலாமே?"

"முடியாது அங்கிள். லைன் நேரா இருக்கணும். வளைஞ்சா படம் பொய் சொல்லும்."

"சாமி இடம்மா அது."

"அதான் பாருங்க, செருப்பக் கழட்டி வச்சுட்டுத்தான் அடிக்கிறேன்." அவள் வெறுங்காலோடு நின்று சுத்தியலை ஓங்கினாள்.

"விடுங்க தலைவரே," என்று சிரித்தார் தனபாலன். "நாகம் இருந்தா ஷாக் அடிச்சு அதுவே கம்போங் பக்கம் ஓடிரும் லா!"

கருவி வேலை செய்யத் தொடங்கியது. ஒவ்வோர் அளவுக்கும் அதனுள்ளிருந்து 'டக், டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. மற்றவர்களுக்கு அது இயந்திரத்தின் ஓசை. வீரமுத்துவுக்கோ, கயிறு ஏறிய கப்பி ஒன்று விட்டு விட்டுச் சுழல்வதுபோல் கேட்டது.

படம் திரையில் வந்தபோது எல்லாரும் கூடிவிட்டார்கள். பச்சையும் மஞ்சளுமாக நீண்டு கிடந்த நிலத்தின் நடுவே, சரியாக அந்த மூலைக்குக் கீழே, அடர்ந்த நீலத் திட்டு ஒன்று இருந்தது.

"நீலம்னா தண்ணிதானே?" என்றார் தனபாலன்.

"பொதுவா நீலம்னா கரண்ட் ஈசியா போகுதுன்னு அர்த்தம். தண்ணியாவும் இருக்கலாம், களிமண்ணாவும் இருக்கலாம். இருங்க அண்ணே, நான் இன்னும்..."

தனபாலன் அதற்குள் திரையைப் படமெடுத்துக் கோயில் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அம்மன் நீல நிறத்தில் வழி காட்டிவிட்டாள் என்ற செய்தி தாமான் முழுவதும் பரவியது. மாலைக்குள் அவ்விடத்தில் மஞ்சள் துணி கட்டிய மூங்கிலை நட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துவிட்டார்கள். துளையிடும் லோரிக்கும் நாள் குறித்தாயிற்று. கோயில் நிலத்தில் மஞ்சள் துணி ஒருமுறை ஏறிவிட்டால் அதை இறக்க யாருக்கும் மனம் வராது.

எல்லாரும் அதில் தண்ணீரைக் கண்டார்கள். வீரமுத்து மட்டும் வேறொன்றைக் கண்டார். அந்தத் திட்டு, முழங்காலில் முகம் புதைத்துக் குந்தியிருக்கும் ஒரு பெண்ணைப்போல் இருந்தது. ஒருமுறை அப்படிக் கண்டபின் அவரால் வேறுவிதமாகக் காண முடியவில்லை.

தேவமலருக்கு அந்த நீலத்தின்மேல் வேறு வகையான ஐயம். நல்ல தண்ணீர் இத்தனை அடர்த்தியாகத் தெரியாது. ஆகவே அடுத்த நாள், காந்தப் புலத்தை அளக்கும் கருவியுடன் வந்தாள். அருகில் இரும்பு இருந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால், சாவி, கைப்பேசி எல்லாவற்றையும் தள்ளி வைக்கச் சொன்னாள். தனபாலன் இடுப்பு வாரையும் கழற்ற வேண்டியதாயிற்று. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி, "அம்மன் சத்தியமா இது கீழ விழுந்தா நான் பொறுப்பு இல்ல," என்று அவர் சொன்னதும் பெண்கள் சிரித்துக் கலைந்தார்கள்.

மூலையை எட்டியதும் எண்கள் துள்ளின.

"கீழ இரும்பு இருக்கு. நிறைய. ரொம்ப ஆழத்துல இல்ல." அவள் வீரமுத்துவிடம் வந்தாள். "அங்கிள், நீங்கதான் இங்கேயே பொறந்து வளர்ந்தவங்க. முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"ஒன்னும் இல்லம்மா. வெறும் காடு," என்றார் வீரமுத்து.

ஒரு கரடிக்குத் தன் நிழலைக் கண்டால் அச்சமாம். அதைப் புதைத்துவிட எண்ணிக் குழி தோண்டியது. தோண்டத் தோண்ட நிழலும் குழிக்குள் இறங்கியது. இதுதான் சமயம் என்று கரடி மேலே தாவி, அவசரமாக மண்ணைத் தள்ளி மேடாக்கியது. பிறகு நிமிர்ந்து பார்த்தால், நிழல் அந்த மேட்டின்மேல் ஏறி நின்றது.

அந்த வடகிழக்கு மூலையில் முன்பு இருந்தது லயத்துக் கிணறு. வீரமுத்து அப்போது தோட்டத்துச் சாமான் கொட்டகையில் வேலை செய்த வாலிபர். லாலாங் புல்லை அழிக்கும் பழைய மருந்து, பாஷாணம் கலந்தது, டின் டின்னாகத் தேங்கிக் கிடந்தது. அதை லோரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. அலுப்புக்கு அஞ்சி, அவர் அவற்றைக் கிணற்றுக்குப் பின்னாலிருந்த குழியில் தள்ளி மூடிவிட்டார். மழைக்காலம் வந்தது. லயத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கின. ஆடுகள் மாண்டன. பிறகு ஒரு குழந்தை இறந்தது.

ஊர் கூடிக் காரணம் தேடியபோது வீரமுத்துவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததாலேயே அவர் முதலில் வாய் திறந்தார். புருஷனைப் பறிகொடுத்துத் துக்கம் காத்துக்கொண்டிருந்த முனியாயி, கருமாதி முடியாமல் பொதுக் கிணற்றைத் தொடக்கூடாது. அவள் தீட்டோடு கயிற்றைத் தொட்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அவள் தொட்டதும் உண்மைதான். அது போதுமானதாக இருந்தது. முனியாயியைத் தோட்டத்தைவிட்டு அனுப்பினார்கள்; கிணற்றை மண்ணிட்டு மூடினார்கள். லோரியின் பின்புறத்தில் அவள் முழங்காலில் முகம் புதைத்துக் குந்தியிருந்தாள். இறந்த குழந்தை அவளுடையது.

தனபாலன் துளையிடும் நாளைத் தள்ளிப்போட ஒப்பவில்லை. "இரும்பு இருந்தா அந்த இடத்த விட்டுக் கொஞ்சம் தள்ளித் தொளை போடுவோம். அதுக்கு என்ன?"

"அண்ணே, என்ன இரும்புன்னு தெரியாம அது பக்கத்துத் தண்ணிய நான் நல்லதுன்னு சொல்ல மாட்டேன். தண்ணிய டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வரட்டும்."

"ரிசல்ட் வர்றதுக்குள்ள திருவிழா முடிஞ்சிரும்மா! மொதல் தண்ணி அம்மனுக்கு அபிஷேகம், அப்புறம் பிள்ளைங்களுக்குத் தீர்த்தம். சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க தலைவரே."

வீரமுத்து எழுந்து கோயிலுக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து கப்பியின் ஓசை அவரை விட்டு அகலவில்லை. கோயில் மணி ஓய்ந்ததும் அது தொடங்கும். மகன் வீட்டுக் குழாயைத் திறந்தால் அடியிலிருந்து யாரோ வாளி இழுப்பதுபோல் கேட்கும். குடிக்கத் தண்ணீரை ஏந்தினால், குந்தியிருக்கும் ஓர் உருவம் அதில் அசையும்.

லோரி வந்த காலையில், இயந்திரத்தின் நெடிய கை மூங்கிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்தது. தீர்த்தத்துக்காகப் பிள்ளைகள் வெள்ளிக் கிண்ணங்களோடு வரிசையில் நின்றார்கள். வீரமுத்து வளைந்த பாதையை விட்டு நேராக நடந்தார். மஞ்சள் துணியின் அடியில், அத்தனை காலமாகக் கால் வைக்காத மண்ணில் நின்றார்.

"தோண்டாதீங்க. கீழ லாலாங் மருந்து இருக்கு. பாஷாணம். நான்தான் பொதைச்சேன்."

இயந்திரத்தை நிறுத்தினார்கள். தேவமலர் மெல்லக் கேட்டாள்: "காடுன்னு சொன்னீங்களே அங்கிள்?" அவர் தலை குனிந்தார். "டின்னு துருப்பிடிச்சுப் போயிரும்," என்றாள் அவள். "உள்ள இருக்கிறது போகாது. நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க."

அதிகாரிகள் வந்து, உடல் முழுவதும் மூடிய உடையோடு இறங்கி, அரித்துப்போன டின்களையும் சுற்றியிருந்த மண்ணையும் அள்ளிச் சென்றார்கள். தேவமலர் கோயிலுக்கு மறுபுறம், நிலம் மேடாக இருந்த பக்கத்தில் வேறோர் இடத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே கிடைத்த தண்ணீர் சோதனையில் தேறியது. திருவிழாவும் அபிஷேகமும் தீர்த்தமும் தள்ளிப்போயின; அதைத் தவிர குறையொன்றுமில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று ஊர் வீரமுத்துவைப் போற்றியது. தனபாலன் மாலையே போட்டார்.

மாலை கழுத்தில் ஏறிய கணத்தில் கப்பி சுழலத் தொடங்கியது. முன்னைவிட உரக்க. டின்கள் போய்விட்டன, அந்த நீலத்தில் குந்தியிருந்தவள் போகவில்லை. தான் பாதியைத்தான் தோண்டி எடுத்தோம் என்பது அவருக்கு அப்போது விளங்கிற்று.

முனியாயி இருக்குமிடத்தை விசாரித்து, பெம்பான் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டைக் கண்டடைந்தார். இரும்புக் கதவுக்கு அப்பால் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். முனியாயியின் தங்கை மகள் அகல்யா.

"யாரு வேணும்?"

அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னார். அவள் முகம் இறுகியது. "பெரியம்மா அந்தத் தோட்டத்தப் பத்திப் பேசுறதில்ல. நீங்க போகலாம்."

"திறக்க வேணாம்மா. இங்க நின்னே சொல்லிட்டுப் போறேன்."

கம்பிகளைப் பிடித்தபடி அவர் எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே சாய்வு நாற்காலியில் ஒரு மூதாட்டி இருந்தாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முடித்த பிறகும் அவள் திரும்பவில்லை. பிறகு, "அகல்யா, அதை நிறுத்து," என்றாள். வீடு அமைதியானது.

"அன்னைக்கு எனக்குத் தண்ணி மொண்டு தர ஒருத்தரும் வரல. புள்ள தண்ணி தண்ணின்னு அழுதான். அதான் கயித்தத் தொட்டேன்." அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "தொட்டதாலதான் செத்தான்னு இருந்தேன். இத்தன காலமும். ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறப்ப எல்லாம். அப்ப, நான் கொல்லலையா?"

"இல்லக்கா. நான்தான்."

அகல்யா வாயைப் பொத்திக்கொண்டாள். வீரமுத்து கதவுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் விழுந்து வணங்கினார்.

"எந்திரிங்க. இங்க விழுந்து யாருக்கு என்ன? அன்னைக்கு ஊரு முன்னாடிதான சொன்னீங்க?"

"அவங்கள்ல நெறைய பேரு இப்ப இல்லக்கா."

"பிள்ளைங்க இருக்காங்கல்ல. அவங்களுக்கு எங்களப் பத்தி என்ன சொல்லி வளத்திருக்காங்களோ. அவங்ககிட்ட சொல்லுங்க. நான் வந்து கேக்குறேன்."

தள்ளிப்போன திருவிழா நாளில் அகல்யாவின் காரில் முனியாயி வந்து இறங்கினாள். தனபாலன் பதறிக்கொண்டு நாற்காலி கொண்டுவந்தார். அவள் யாருக்கும் கைகூப்பவில்லை; முன் வரிசையில் போய் அமர்ந்தாள். பூசை முடிந்ததும் வீரமுத்து தலைவருக்குரிய பரிவட்டத்தைத் தலையிலிருந்து அவிழ்த்துப் பூசாரியின் தட்டில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

கிணற்றைச் சொன்னார். மருந்தைச் சொன்னார். முனியாயி தண்ணீரைக் கெடுக்கவில்லை, கெடுத்தவன் நான். அது தெரிந்தே பழியை அவள்மேல் போட்டேன் என்றார். அவர் குரல் உடைந்து தாழ்ந்தது.

"புள்ள பேரச் சொல்லல," என்றாள் முனியாயி.

"காந்தன்," என்றார் வீரமுத்து.

அவள் பின்னால் திரும்பி, செருப்புகள் கிடந்த வாசல்வரை நின்ற சனத்தைப் பார்த்தாள்.

"கடேசில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

வீரமுத்து ஒலிபெருக்கியை வாயருகே இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.