வராத மாதத்துச் சம்பளம்

பூமாவுக்கு எல்லாம் வரும், வாய் திறந்து காசு கேட்க மட்டும் வராது. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே டேகேர் வைத்து, ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இப்படி ஒரு வியாதி இருக்கலாமா? இருந்தது. யாராவது பணம் தரத் தாமதித்தால், "பரவாயில்லை, மெதுவா குடுங்கோ" என்பாள். அப்புறம் உள்ளே போய்க் கணவர் ராஜகோபாலனிடம் ஒரு மூச்சுப் புலம்புவாள்.

அவளிடம் வருவதில் பெரும்பாலும் டீச்சர் வீட்டுக் குழந்தைகள். முழுப்பரீட்சை முடிந்து அம்மாக்களுக்கு லீவு விட்டதும் குழந்தைகளும் வீட்டோடு நின்றுவிடுவார்கள். மே மாதம் அவர்களிடமிருந்து ஒரு பைசா வராது. ஜூனில் பள்ளி திறக்கிற அன்று காலையில், ஒன்றுமே நடக்காதது போல, எல்லாரும் பையும் பாட்டிலுமாக வாசலில் நிற்பார்கள். இடம் மட்டும் அப்படியே காத்திருக்க வேண்டும்!

இதில் அடிபடுகிறவள் ஜோதி. உப்பிலியபுரத்துப் பெண், கல்யாணமாகித் திருவானைக்காவலுக்கு வந்தவள். குழந்தைகளுக்கு ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது எல்லாம் அவள்தான். மே மாதம் வேலை இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை என்று பூமா அவளை வருஷா வருஷம் அனுப்பிவிடுவது வழக்கம். இந்த வருஷம் ஜோதி முந்திக்கொண்டாள்.

"மாமி, தில்லை நகர்ல ஒரு கிளினிக்ல ஆயா வேலைக்குக் கூப்பிடறாங்க. வருஷம் பூரா சம்பளமாம். மே மாசத்துக்கு நீங்க ஏதாவது வழி பண்ணினா நான் போகலை. இல்லேன்னா திங்கக்கிழமை அங்க சேர்ந்துடுவேன். கோச்சுக்காதீங்க."

ஜோதி போனால் டேகேரை மூடிவிட வேண்டியதுதான். இரண்டு வயது சர்ஃபராஸ் ஒருத்தன் போதாதா? ஜோதி கையால் அல்லாமல் ஒரு வாய் சோறு வாங்கமாட்டான். பூமா கிண்ணத்தைத் தூக்கினாலே உதட்டைப் பூட்டிக்கொள்வான்.

"வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடு. மூஞ்சியப் பாத்துக் கேக்க வேண்டாமோல்லியோ?" என்று ராஜகோபாலன் யோசனை சொன்னார். தானே எழுதியும் கொடுத்தார். மே மாதம் குழந்தை வராவிட்டாலும் பாதிக் கட்டணம் கட்டாயம். கட்டினால்தான் ஜூனில் இடம். அவ்வளவுதான், இரண்டே வரி.

பூமா அதைப் படித்துப் படித்துப் பார்த்தாள். 'கட்டாயம்' உறுத்தியது. அதை எடுத்துவிட்டு 'அவரவர் சௌகரியப்படி' என்று போட்டாள். இடம் பற்றிய பேச்சையே அழித்தாள். கடைசியில் இரண்டு கும்பிடு வைத்து அனுப்பினாள்.

எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருத்தரும் பணம் கட்டவில்லை. கட்டாமல் இருப்பதுதானே எல்லாருக்கும் சௌகரியம்!

"பேஷ்!" என்றார் ராஜகோபாலன். "அப்படியே ஆளுக்கு ஒரு டப்பா பட்சணமும் குடுத்து அனுப்பிடு."

பூமாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தக் கோபம் ஆறுவதற்குள், சர்ஃபராஸை அழைத்துப்போக அவன் அம்மா ருக்ஸார் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ருக்ஸார், கொஞ்சம் நில்லுங்கோ. மே மாசம் பாதிப் பணம் வேணும். சௌகரியப்படின்னு நான் எழுதினது தப்பு. கண்டிப்பா வேணும்." என்றாள் பூமா.

ருக்ஸாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மாமி இது? புள்ளையே வராத மாசத்துக்கு எதுக்குக் காசு?"

"ஜோதிக்குச் சம்பளம் குடுக்கணும். இல்லேன்னா அவ போயிடுவா."

"பசங்களும் வரலை, வேலையும் இல்லை. அப்புறம் எதுக்குச் சம்பளம்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ்! எங்க ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் பேசற மாதிரியே பேசறேன் பாருங்க."

"என்ன ஆச்சு?"

"எங்களுக்கும் மே மாசம் சம்பளம் கிடையாது மாமி. பசங்க வரலை, பாடம் எடுக்கலை, எதுக்குச் சம்பளம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுவாரு. ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அந்தாளைத் திட்டாத நாள் இல்லை. இப்ப அதே வார்த்தை என் வாயில வருது."

பூமாவுக்கு இது தெரியாது. டீச்சர் என்றால் லீவிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு காலை நீட்டி உட்காருகிறவர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பாவமாக இருந்தது. 'பரவாயில்லை' தொண்டை வரை வந்துவிட்டது. உள்ளே ஜோதி சர்ஃபராஸுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். பூமா வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"மே மாசம் உங்க கையில பணம் இருக்காதுன்னா அப்போ கேக்கலை," என்றாள். "ஜூன்லேர்ந்து மாசா மாசம் கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்கோ, அதுல கழிச்சுக்கறேன். இந்த மே மாசத்துக்கு ஜோதிக்கு நான் என் கையிலேர்ந்து முன்னாடியே குடுத்துடறேன். ஆனா, உங்க பாதிப் பணத்தை விட மாட்டேன்."

ருக்ஸார் கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். "அப்படின்னா முடியும். மத்த டீச்சருங்ககிட்ட நானே பேசறேன். நீங்க பேசாதீங்க மாமி, மறுபடியும் சௌகரியப்படிம்பீங்க!"

பூமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஜோதி, கிளினிக்குக்கெல்லாம் போக வேண்டாம். மே மாசம் உனக்குச் சம்பளம் உண்டு. குழந்தைகள் கம்மிதான், நான் பாத்துக்கறேன். நீ ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வா."

சர்ஃபராஸை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்த ஜோதி நம்பாமல் பார்த்தாள். "ஊருக்குப் போற நாளுக்குமா மாமி?"

"ஆமாம். வராத நாளுக்கும் சம்பளம் உண்டு."

ஜோதி குழந்தையை ஒரு தரம் இறுக்கிக்கொண்டு, அவன் அம்மாவிடம் கொடுத்தாள்.

ருக்ஸார் பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டியில் உட்கார்ந்தாள். கிளம்பவில்லை. "மாமி," என்றாள், "இப்ப ஜோதிகிட்ட ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க. கேக்கறதுக்கே நல்லாருக்கு."

பூமா இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கவே, சொன்னாள்.