தூக்க வேண்டாம்

விமானம் ஏற ஆறே படிதான். என்னைத் தூக்கிக்கொண்டு அந்த ஆறு படியும் ஏற மூன்று பேர் தயாராக நின்றார்கள். நான் என் சக்கர நாற்காலியை முதல் படியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு பக்கமும் பிரேக்கைப் போட்டேன்.

யாருக்காவது கோபம் வருகிறதென்றால் வரட்டும். முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

என் பெயர் விக்டர். திரேஸ்புரத்துக்காரன். மூச்சுக்காற்றுக்குக் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் சங்கு எடுத்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில், ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இப்போது உட்கார்ந்தபடியே படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். கை இரண்டும் நன்றாக இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

அன்று மாலை நாலு மணிக்குச் சென்னையில் என் தங்கை ஜெபசுதாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். கோயிலில் பிள்ளையை மடியில் வாங்கி வைத்திருக்க வேண்டியவன். என் மனைவி முந்தின வாரமே ரயிலில் போய்விட்டாள். ரயில் பெட்டிக்குள் என்னைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்பதால் நான் வரமாட்டேன் என்றேன். போனால் விமானம், இல்லாவிட்டால் இல்லை என்று பிடிவாதமாக நின்றேன். துணைக்கு என் மச்சினன் மனுவேல் வந்தான், மனைவியின் தம்பி.

விமானத்திலும் ஒருமுறை பட்டிருக்கிறேன். உடம்பு இப்படி ஆன வருடம், வைத்தியத்துக்காக வடக்கே ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார்கள். ஊர்ப்பெயர் எதற்கு. அந்த விமான நிலையத்தில் கொடுத்த நாற்காலியில் ஒரு பக்கம் கால் வைக்கும் பலகையே இல்லை. கழிப்பறைக் கதவுக்குள் அது நுழையவும் இல்லை. திரும்பி வரும்போது நாலு பேர் ஆளுக்கொரு கை, கால் என்று பிடித்து மூட்டை மாதிரி என்னை விமானத்தில் ஏற்றினார்கள். பாதிப் படியில் என் கால்சட்டை நழுவிவிட்டது. கீழே நின்ற கூட்டம் பார்த்தது, ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். எனக்குக் கால்தான் செத்திருந்தது, மானம் சாகவில்லை. இனி ஒருத்தன் தூக்கி நான் விமானம் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது காலம் மாறிவிட்டது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் ஊர் விமான நிலையத்தின் புதுக் கட்டடத்துக்குள் அன்று காலை நுழைந்தபோது வாயைப் பிளந்துகொண்டுதான் போனேன். வாசலிலிருந்து உள்ளே வரை ஒரு படி கிடையாது. பெட்டி போடுகிற இடத்தில், உட்கார்ந்த எனக்கு எட்டுகிற உயரத்தில் மேஜை. கழிப்பறைக்கு அகலமான கதவு, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி. நான் தனியாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, என் காரியத்தை நானே முடித்துவிட்டு வெளியே வந்தேன். ஊரே அந்தக் கட்டடத்தின் கண்ணாடியையும் விளக்கையும் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கம்பிதான் முன்னேற்றம் என்பேன்.

இதெல்லாம் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. என்னைப்போல எத்தனையோ பேர் எத்தனையோ ஊரில் மனு எழுதி, மல்லுக்கட்டி, கெட்ட பெயர் வாங்கிக் கிடைத்தது. அதை நான் விட்டுக்கொடுத்தால் எனக்குப் பின்னால் வருகிறவனுடையதையும் சேர்த்து விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும்.

கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் போகிற பாலம் பெரிய விமானங்களுக்குத்தான். எங்களுடையது காற்றாடி வைத்த சின்ன விமானம். அதற்கென்று சக்கரம் வைத்த சாய்வுப் பாதை ஒன்று உண்டு, ரேம்ப் என்பார்கள். அதை இழுத்துவந்து விமான வாசலில் பொருத்தினால் நாற்காலியோடு ஏறிவிடலாம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டிருந்தேன், உண்டு என்ற பதிலும் என் செல்போனில் இருந்தது. ஆனால் விமானத்தடிக்குப் போய்ப் பார்த்தால் படி மட்டும்தான் இருந்தது.

விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிற பானுப்ரியா என்ற பெண் வாக்கி டாக்கியோடு வந்தாள். விமானம் ஏற்கெனவே தாமதம், ரேம்ப்பை இழுக்கிற வண்டி வேறு வேலையில் இருக்கிறது, வர இருபது நிமிடம் ஆகும் என்றாள். மூட்டை ஏற்றுகிற இரண்டு ஆட்களைக் காட்டி, இவர்கள் பத்திரமாகத் தூக்கிவிடுவார்கள் சார், ஆறு படிதானே என்றாள். மூன்றாவது ஆளாக மனுவேல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் நான் பிரேக்கைப் போட்டது.

பின்னாலேயே பயணிகளை ஏற்றிக்கொண்டு பஸ் வந்து நின்றது. நான் வழியை அடைத்திருந்ததால் ஒருவரும் ஏற முடியவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஏரலில் கடை வைத்திருக்கிற பால்துரை என்ற பெரியவர் முதலில் இறங்கி வந்தார். ஒரு ஆளுக்காக அறுபது பேர் வெயிலில் காய வேண்டுமா, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் குறைந்தா போவீர்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு ஆளும் அதே காசு கொடுத்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறான் அண்ணாச்சி, வெயில் அவனுக்கும்தான் அடிக்கிறது என்றேன்.

பானுப்ரியா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது. தூக்கச் சம்மதிக்காவிட்டால் என்னை விட்டுவிட்டு விமானம் போய்விடும் என்றாள். அடுத்த விமானம் சாயங்காலம்தான். அந்த நேரம் பார்த்து ஜெபசுதா போன் பண்ணினாள். ஏறியாச்சா அண்ணே என்றாள். சாமியார் சரியாக நாலு மணிக்கு ஆரம்பித்துவிடுவாராம், நீ வரத் தாமதமானால் மாப்பிள்ளையின் அண்ணனே பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ளட்டும் என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன். கை தானாகப் பிரேக்குக்குப் போனது. தொட்டுவிட்டு எடுத்துவிட்டேன்.

"சரிம்மா, விட்டுட்டுப் போங்க," என்றேன். "ஆனா ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ரேம்ப் தாரோம்னு சொன்னோம், கொண்டாரலை, அதனால இவரை ஏத்தலைன்னு. கையெழுத்தும் கம்பெனி சீலும் வேணும்."

அவள் முகம் வாடிவிட்டது. கிட்ட வந்து குனிந்தாள். அதுவரை போட்ட சாரெல்லாம் போய் ஊர்ப் பேச்சு வந்தது.

"அண்ணாச்சி, நான் முத்தையாபுரத்துப் பிள்ளை. எழுதிக் குடுத்தா எனக்கு வேலை போயிரும்லா?"

"நீ எழுத வேண்டாம் தாயி. யார் எழுதணும்னு மேல கேளு. நான் இங்கனதான் இருக்கேன்."

அவள் தள்ளிப்போய் வாக்கி டாக்கியில் பேசினாள். எழுதிக் கேக்காரு, எழுதிக் கேக்காரு என்று அவள் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

மனுவேல் என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். அவனுக்கு என்னைத் தூக்குவது ஒரு வேலையே இல்லை. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டு மாடிக்கும், வேறு வழி இல்லாததால், ஒன்பது வருடமாக அவன் முதுகில்தான் போகிறேன். எங்கள் கரையில் கடலுக்குள் வள்ளம் தள்ள வேண்டுமென்றால் கூப்பிடாமலே பத்துத் தோள் வந்து நிற்கும். ஆளைத் தூக்குவதையும் அப்படியேதான் நினைக்கிறார்கள். வள்ளத்திடம் யார் கேட்பார்கள்.

"அவங்க தொட வேண்டாம் அத்தான். நான் தூக்குதேன்," என்றான்.

"வேண்டாம்லே."

"நான் தூக்கினா என்ன? அப்ப ஒம்பது வருசமா நான் தூக்குனதும் ஒங்களுக்கு அசிங்கமாத்தான் இருந்துச்சா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் மனது குளிர்ந்திருக்கும், அந்தக் குளிர்ச்சியிலேயே என்னைத் தூக்கியும் இருப்பான்.

"ஆமாலே," என்றேன். "ஒவ்வொரு தடவையும். நீ பாசமாத்தான் தூக்குன. ஆனா ஒரு தடவைகூட, தூக்கட்டுமான்னு நீ கேக்கலை."

அவன் எழுந்து போய்விட்டான். பஸ் நிழலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். என்மேல் உயிரையே வைத்திருக்கிறவனை அத்தனை பேர் முன்னால் நோகடித்துவிட்டேன். ஓடிப்போய் அவன் தோளைத் தொடவும் என்னால் முடியாது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனது வரவில்லை, ஏனென்றால் அது உண்மை.

இருபது நிமிடம் என்றார்களே, பதினொரு நிமிடத்தில் ரேம்ப் வந்துவிட்டது. தாளும் சீலும் வரவில்லை. ஒரு வண்டி அதை இழுத்துவந்ததும் நான் பின்னால் நகர்ந்து இடம்விட்டு, மறுபடி பிரேக்கைப் போட்டேன். நாலு பேர் அதைப் படியை மறைத்து விமான வாசலில் பொருத்தினார்கள். பானுப்ரியா என்னைப் பார்த்து, போங்க அண்ணாச்சி, நாலு மணிக்குள்ள போயிரலாம் என்றாள். நான் பிரேக்கை எடுத்தேன். பின்னால் தள்ள வந்த ஆளிடம் கை வைக்க வேண்டாம் என்றேன்.

பார்க்கத்தான் அது சாதாரண ஏற்றம். பாதிக்கு மேல் கை எரிய ஆரம்பித்தது. மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் பிடி நழுவி, சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டது. இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன். கீழே அறுபது பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் பின்னால் தடதடவென்று யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. தூக்க வந்துவிட்டான் என்று ஆத்திரத்தோடு திரும்பினேன்.

மனுவேல் ஓரடி தள்ளி நின்றான். கண் சிவந்திருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

"தள்ளட்டுமா அத்தான்?" என்று கேட்டான்.

"வேண்டாம்லே," என்றேன். "கூட வா."

அவன் கட்டிய கையை எடுக்காமல், நான் நின்றபோது நின்று, நகர்ந்தபோது நகர்ந்து, விமான வாசல் வரை என் பின்னாலேயே வந்தான்.