நாற்பது நிமிடம்

ரெனிஷா சாப்பாட்டு மேசையில் ஒரு கல்யாண அழைப்பிதழைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் கடற்கரை வரைந்துகொண்டிருந்தாள். வளைந்த கோடு கரை. அதிலிருந்து பேனா முனை நேராகக் கடலுக்குள் போய், பாறைகளுக்கென்று அவள் குறித்திருந்த புள்ளிகளைத் தாண்டி நின்றது. அவள் கணவன் எபிசன் பப்பாளித் துண்டை வாயில் போட்டுவிட்டு அந்த முனையையே பார்த்தான். விழுங்க மறந்துபோனது.

"அந்தமான்ல அஞ்சரைக்கெல்லாம் இருட்டிரும். ஆறு மணிக்குக் கடலுக்கடியில எறங்குனா ஆறு நாப்பதுக்குக் கரையேறிரலாம். படகு வேண்டாம், கரையில இருந்தே நடந்து எறங்கலாம். பத்து மீட்டருக்குக் கீழ போவண்டாம். ஆளுக்கு ரெண்டு டார்ச்சு. கேக்கியளா?" என்றாள்.

"கேட்டுட்டுதான இருக்கேன்."

"ஒருத்தர ஒருத்தர் காணலன்னா ஒரு நிமிஷம் சுத்திப் பாக்கணும். பெறவு மேல வந்துரணும். பேடிச்சு அங்கயும் இங்கயும் தேடப்பிடாது."

எபிசன் தலையாட்டினான். புதுக்கடை சந்தியில் மோட்டாரும் பைப்பும் விற்கிறவன் அவன். கிணற்றடியில் எத்தனை அடிக்குத் தண்ணீர் என்று கயிறு விட்டுச் சொல்லிவிடுவான். குளத்தில் நீந்துவான். குளத்துக்குத் தரை உண்டு, கரை நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும். கடல் அப்படியில்லை.

ரெனிஷா மஸ்கட்டில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தாள். வருடத்துக்கு ஒரு மாத லீவு. ஆக, பதினோரு வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது பதினோரு மாதம். மற்ற நாளெல்லாம் போனில் பேசினார்கள். சாப்டியளா, மக ஸ்கூலுக்குப் போனாளா, எல்லாம் நல்லாருக்கு, வச்சிரட்டா. அங்கே ஆஸ்பத்திரித் தோழிகளோடு சேர்ந்து கடலுக்கடியில் போகப் படித்ததை அவள் சொன்னபோது, ஏதோ தையல் கிளாஸ் மாதிரிதான் அவன் நினைத்தான். ஒரேயடியாக ஊர் திரும்பியவள் பெட்டியைப் பிரித்தபோது ஒரு சின்ன நோட்டு விழுந்தது. அறுபத்துமூன்று தடவை இறங்கியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் கூட இறங்கியவர்களின் கையெழுத்து. ஒரு பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே, "நானும் படிக்கேன், நாம ரெண்டுபேருமா போவோம்" என்று சொல்லிவிட்டான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு பின்வாங்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். மூக்கில் தண்ணீர் தொட்டதும் எபிசன் வாயில் கவ்வியிருந்த மூச்சுக் குழாயைத் துப்பிவிட்டு மேலே பாய்ந்தான். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. ஐந்தாம் தடவை கண்ணை இறுக்கிக்கொண்டு எப்படியோ முடித்தான். கோவளத்துக் கடலில் ஆசிரியரின் கையை விடவேயில்லை. சான்றிதழ் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, "சிம்பிளாதான் இருந்துச்சு" என்றான். அன்றிலிருந்து குளியலறையில் தலைக்கு ஊற்றும்போதும் அவனுக்கு நெஞ்சு படபடத்தது.

தீவுக்குப் போன மூன்றாம் நாள் சாயங்காலம், அவள் அழைப்பிதழில் வரைந்த அந்தக் கரைக்கோட்டின் மேலேயே நின்றான். பகலில் கரையிலிருந்து நீந்திப் பார்த்தபோது கடல் கண்ணாடியாக இருந்தது. இப்போது அது தார்போல் கறுத்துக்கொண்டிருந்தது. கூட இறங்க வந்திருந்த ஜெனின் கொளச்சல்காரர், நாற்பது வயதிருக்கும், பதினைந்து வருடமாக இங்கேயே டைவிங் வேலை. அவர் எபிசனின் முதுகில் சிலிண்டரை ஏற்றி வாரை இழுத்தார். நெஞ்சு இறுகியதும் எபிசன் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"ரெனி, நான் எறங்கல."

"என்ன, வயிறு செரியில்லியா?"

"பேடி." பயம் என்ற அந்த ஒரு சொல் வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது. குளம், நாலு தடவை, கோவளத்தில் பிடித்த கை.

ரெனிஷா அவன் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்த்து நாடியை எண்ணினாள். எண்ணி முடித்தும் எத்தனை என்று சொல்லவில்லை.

"இத இஞ்ச வச்சா சொல்லுவிய? கீழ வச்சு ஒங்களுக்கு இப்பிடி வந்திருந்தா ரெண்டுபேரும் போயிருப்போம்." குரல் உயரவில்லை. "போன்ல எல்லாம் நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னமாரியே இதையும் சொல்லிட்டிய."

அவன் வாரின் பூட்டைத் துழாவினான். ஜெனின்தான் வாரைத் தளர்த்தினார். "வேண்டாம்னு யாரும் எப்பவும் சொல்லலாம் அண்ணா. எதுக்குன்னு கேக்கப்பிடாது, அது எங்க மொத சட்டம். நீங்க கரையில வெளக்கு பிடிச்சு நில்லுங்க. எங்களுக்கும் திரும்பி வர ஒரு அடையாளம் வேணும்லா."

ஆறு மணிக்கு இருவரும், காலில் துடுப்பு மாட்டியிருந்ததால், பின்பக்கமாக நடந்து இறங்கினார்கள். கரையைப் பார்த்தபடி போனாலும் ரெனிஷா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கடியில் இரண்டு வெளிச்சங்கள் பச்சையாகக் கலங்கி, தள்ளிப் போய், பாறைக்குப் பின்னால் மறைந்தன. அதன் பிறகு கடலில் ஒன்றுமே இல்லை.

கரையில் நிற்பது எளிது என்றுதான் எபிசன் நினைத்திருந்தான். பத்து நிமிடத்தில் அது பொய்யென்று தெரிந்தது. கீழே போயிருந்தால் அவனுக்குத் தன் மூச்சு ஒன்றைப் பற்றித்தான் பயம் இருந்திருக்கும். இங்கே நின்றால் கடல் முழுவதற்கும் பயப்பட வேண்டியிருந்தது. கோபத்தோடு இறங்கியிருக்கிறாள். கோபத்தில் மூச்சு வேகமாகப் போகும், காற்று சீக்கிரம் தீரும், வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இருபது நிமிடம். முப்பது. கடல் ஏறி அவன் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. நாற்பது.

நாற்பத்துநாலாவது நிமிடம் அவன் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தான். ஆறு ஐம்பத்தைந்து வரை வராவிட்டால் டைவிங் கடைக்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. போனை எடுத்துப் பார்த்தான், சிக்னல் இல்லை. கோவை ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் என்ன சொல்வது என்று மனம் தன்பாட்டுக்கு வாக்கியம் கட்டத் தொடங்கியது. 'கர்த்தாவே' என்றான். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

அப்போது ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒன்றே ஒன்று. தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்த தலை மூச்சுக் குழாயைத் துப்பியது. ஜெனின்.

"அண்ணா, அக்கா மேல வந்தாச்சா?"

எபிசன் இல்லையென்று தலையாட்டினான். விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தான். இடுப்பு, வயிறு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியது. ஓர் அலை வாயிலும் மூக்கிலும் அடித்தது. துப்பிவிட்டு இன்னும் ஓரடி வைத்தான். காலடியில் மணல் சரிந்தது. ஜெனின் மறுபடி கீழே போய்விட்டார். எவ்வளவு நேரம் போனது என்று அவனுக்குத் தெரியாது. வாட்ச் கட்டிய கையில்தான் விளக்கு இருந்தது. கையை இறக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

இடது பக்கம், பாறைக்கும் அப்பால் இருட்டில், யாரோ இருமினார்கள்.

"இஞ்ச," என்றது குரல். "வெளக்க ஆட்டாதிய. அப்பிடியே பிடியுங்க."

அவள் வந்து சேர நெடுநேரம் ஆனது. கை எட்டும் தூரம் வந்ததும் அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஜெனினும் மேலே வந்து, அவளைப் பார்த்துவிட்டு, அவள் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றிக் கரைக்கு இழுத்துப் போனார்.

"டார்ச்சு அணஞ்சிட்டு," என்றாள் ரெனிஷா. பல் தந்தியடித்தது. "மத்தத எடுக்கையில கையில இருந்து நழுவிப் போயிட்டு. மேல எது கீழ எதுன்னு தெரியல. அறுவத்திமூணு வாட்டி எறங்கியிருக்கேன். ஒருக்ககூட இப்பிடிப் பேடிச்சதில்ல."

அவன் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்லாருக்கியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"அந்த வெளக்க அணைங்க," என்றாள். "கண்ணு கூசுது."

அணைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவள் கை நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் தண்ணீர் நீலமாகப் பொரிந்தது. அசைந்தால் மின்னும் கடல் நுண்ணுயிர்களின் ஒளி பொட்டுப் பொட்டாக எழுந்து அவள் விரல்களைச் சுற்றி, முழங்கைவரை ஏறி, அவன் சட்டையோரம் வந்து உடைந்தது. அலை வந்தபோது எங்கும் பரவி அணைந்தது. அலை போனதும், அவள் நடுக்கத்திலிருந்தோ அவன் நடுக்கத்திலிருந்தோ, மறுபடி துளிர்த்தது.