ஏணிக்குப் பூசிய எண்ணெய்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னல் வழியாகக் கிடைத்தது. கோபாலபுரம் சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது, சாலையை ஒட்டிய வீட்டுச் சுவரில் ஒரு புது அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி நீளுகிற வகை. அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் கட்டியிருந்தார்கள். முந்தின நாள் ஆயுத பூஜை. ஏணியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தில் ஒரு ஆள் சறுக்கி விழுந்துகொண்டிருந்தான். சரியாக அவன் நெற்றியில் குங்குமம்.

பஸ் கிளம்பிவிட்டது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி வருகிறவர்கள் நான் குடிவைத்தவர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘கோமதி வீலென்று அலறினாள்.’

அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகைத் தொடர் எழுதிப் பழகிய கை, அலறலைத்தான் முதலில் தேடும். ஆனால் இந்தக் கதையில் கோமதி அலறக் கூடாது. அலறினால் ஒரு உயிர் போகலாம்.

இரண்டாம் தொடக்கம்: ‘நீளும் ஏணியைச் சுவரில் சாய்க்கும்போது, அது சுவரைத் தொடும் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரம் அதன் கால்கள் தள்ளி நிற்க வேண்டும்.’

இது கரண்ட் ஆபீஸ் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இதையும் அடிக்கத்தான் நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். இந்தக் கணக்குத் தெரியாமல் சின்னையனை உங்களுக்குப் புரியாது.

3

சின்னையன் கோமதியின் கணவர். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவர் கட்டிய வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு, படி கிடையாது. மேல்மாடி எழுப்பும்போது படி வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர். தூண்களின் தலையில் கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. (இந்தக் கம்பிகளை மறந்துவிடாதீர்கள்.)

முன்பெல்லாம் வீட்டுப் பின்னால் மண்ணில் குழி பறித்து மூங்கில் ஏணியை நட்டுவைத்திருந்தார்கள். அது நகராது. இப்போது அந்த இடம் முழுக்கக் கொப்பரை காயப்போட சிமென்ட் களமாகிவிட்டது. கோயமுத்தூரில் இருக்கும் மருமகன் பிரதீப், அலுமினிய ஏணி வாங்கி அனுப்பி, ஏறும் முறையைப் போனிலும் விளக்கினான். கால் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கொக்கிகள் இரண்டும் பூட்டியதா என்று எப்படிப் பார்ப்பது, மேல்முனையைக் கயிற்றால் எதில் கட்டுவது, கட்டுகிற வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்வது எல்லாம்.

போனை வைத்ததும் சின்னையன் மனைவியிடம் சொன்னார்:

“அறுவது அடிக் கெணத்துல எறங்கி ஏறுனவனுக்கு மாப்பிள்ளை ஏணிப் பாடம் எடுக்கறாரு, பாரு.”

“கெணத்துல மேல இருந்து கயித்தப் புடிச்சது நானுங்க,” என்றாள் கோமதி.

4

முதல் பிரதியில் சின்னையனை அசட்டையானவராக எழுதினேன். கொக்கியைப் பார்க்காமல், மின்கம்பி பக்கத்தில் போகிறதா என்று அண்ணாந்து பார்க்காமல், நேரே ஏறுகிறவராக. அப்படிப்பட்டவர் விழுந்தால் வாசகர்கள் ‘சொன்னாக் கேட்டாத்தானே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

அதனால் அவரை மாற்றினேன். வாயால் மருமகனைக் கேலி செய்வார். கையால் அவன் சொன்னதை அப்படியே செய்வார். ஒரு குச்சியை வெட்டி, சுவரிலிருந்து தூரம் அளந்து ஏணியை வைத்தார். மேல்முனை கைப்பிடிச் சுவரைத் தாண்டி இடுப்பளவு நீட்டி நிற்கும்படி இழுத்தார். கொக்கிகளைத் தட்டிப் பார்த்தார். கட்டுவதற்குக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். ஒன்றை மட்டும் விட்டார். கீழே பிடிக்க ஆள் வேண்டாம் என்று கோமதியை அடுப்படிக்கு அனுப்பினார்.

மற்றதெல்லாம் சரி. அப்புறம் கதை எங்கே?

5

கதை கோமதியின் கையில் இருந்தது. தேங்காய் எண்ணெய்த் துணியாக.

பூஜைக்கு முன்னால் தோட்டத்துச் சாமான்களை எல்லாம் கழுவி, துரு பிடிக்காமல் எண்ணெய் தொட்டுத் துடைப்பது அவள் வேலை. அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, மோட்டார் மூடி. புதிதாக வந்த ஏணியை மட்டும் விட மனசு வரவில்லை. அதற்கும் துடைத்தாள். ஏணியின் கால்களில் இருந்த கறுப்பு ரப்பரைப் பார்த்ததும், வெயிலில் காய்ந்து வெடித்துப் போகாமல் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சொட்டு ஊற்றி, பித்தவெடிப்புக்குத் தேய்ப்பது போல நன்றாகத் தேய்த்துவிட்டாள்.

(வழுக்காமல் இருக்கத்தான் அந்த ரப்பர். அது கோமதிக்கும் தெரியும். ஆனால் பூஜைக்குத் துடைக்கும்போது ஒரு சாமான் என்ன வேலைக்கு என்று யார் யோசிக்கிறார்கள்?)

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்து எடுத்த ஒவ்வொன்றையும் காலையில் ஒரு முறையாவது உபயோகித்துவிட வேண்டும் என்பது சின்னையனின் கட்டாயம். மண்வெட்டியால் ஒரு வெட்டு. அரிவாளால் ஒரு வாழையிலை. மோட்டார் ஒரு நிமிஷம். கடைசியாக ஏணி. மாடித் தொட்டியின் மூடியைச் சரிசெய்யவும் வேண்டியிருந்தது.

6

கோமதி எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவ வெளியே வந்தாள். சின்னையன் ஏணியின் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் ஏணியின் கால்களைப் பார்த்தாள். ரப்பருக்கும் சுவருக்கும் நடுவே, சிமென்ட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஈரக் கோடு மினுங்கியது. ஏணி அவ்வளவு நகர்ந்திருக்கிறது.

கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ஏணியின் வெளிப்பக்கம் போய், இரண்டு பாதங்களையும் அதன் கால்களுக்கு முட்டுக்கொடுத்து, சட்டங்களை இரு கைகளாலும் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்தாள். நகர்வது நின்றது.

ஆனால் அவர் இன்னும் மாடிக்குள் இறங்கவில்லை. ஏணியிலிருந்து சுவரைத் தாண்டிக் காலை வைக்கும்போதுதான் பின்னால் ஒரு உதை விழும். அந்த உதையைத் தன்னால் தாங்க முடியாது என்று அவள் கைகளுக்குத் தெரிந்தது. தூணின் கம்பி அவருக்குக் கையெட்டும் தூரத்தில். கயிறு அவர் தோளில். கட்டிவிட்டுக் காலைத் தூக்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் கட்டாமலே காலைத் தூக்கினார்.

(கட்டாமல் ஏன் தூக்குகிறார் என்று கேட்பீர்கள். மாடியில் வசதியாக நின்று கட்டிக்கொள்ளலாம் என்றுதான். ஏறிய எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.)

7

முடிவு ஒன்று. கோமதி அலறுகிறாள். மனைவி கூப்பிட்டால் சின்னையன் தலையை மட்டும் திருப்புகிறவர் இல்லை. முழு உடம்போடு திரும்புவார். ஏணியின் வலது கால் வழுக்கி,

வேண்டாம்.

முடிவு இரண்டு. உண்மையைச் சொல்கிறாள். அவர் கேட்பார்: “எண்ணையா? எதுக்குப் போட்டே?” ஏணியிலேயே நின்று விசாரணையை முடித்துவிட்டுத்தான் மற்றது.

முடிவு மூன்று. ஒன்றும் சொல்லாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். தெய்வாதீனமாக உதையைத் தாங்கிவிடுகிறாள். உங்களுக்கு நிம்மதி. ஆனால் வெட்கப்பட்டு எண்ணெய் விஷயத்தை மறைத்துவிடுவாள். அவள் சந்தைக்குப் போகிற ஒரு நாள் அவர் தனியாக ஏறுவார்.

முடிவு நான்கு. பக்கத்துத் தோட்டத்து நல்லமுத்து கடைசி நேரத்தில் ஓடி வருகிறார். இப்படி ஓடி வருகிறவர்களை என் தொடர்களில் நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கோமதிக்குக் கொடுக்க மாட்டேன். பக்கத்துத் தோட்டம் தொலைவு; கூப்பிடவும் கூடாது.

ஆக, மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். அது அவரைத் திரும்ப வைக்கக் கூடாது. தூக்கிய காலை மறுபடி படியில் வைக்க வேண்டும். கையைக் கயிற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். எண்ணெயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வரக் கூடாது. அதை அவர் இறங்கியதும் அவளே சொல்லுவாள், அவ்வளவுக்கு நான் பொறுப்பு.

ஏணியில் புதிதாக ஒரு பிடிமானம் வந்ததைச் சின்னையன் உணர்ந்திருக்க வேண்டும்.

“கீழ நிக்கறியா, புள்ள?” என்றார், சுவரைப் பார்த்தபடியே. ஒரு கால் அந்தரத்தில் இருந்தது.

“நிக்கறனுங்க,” என்றாள் கோமதி. “ஏனுங்க, . . . . . . . . .”

புள்ளிகள் இருக்கும் இடம் உங்களுடையது. பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் குரல்தான் கேட்டது, ஒரு மனைவியின் குரல் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாரையாவது ஏணியில் ஏற்றிவிட்டு அண்ணாந்து நின்றிருப்பீர்கள். அந்தக் குரலில் சொல்லுங்கள்.

அவர் கால் இன்னும் அந்தரத்தில்தான் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள். ஆனால் மெதுவாக.