முப்பத்தேழாம் விளக்கு

மூன்றாவது பேஸ்மென்ட்டில் காரை நிறுத்தியபோது மேலே போக இருபத்திரண்டு படிகள் இருந்தன. சிவக்கொழுந்து ஏறி முடிப்பதற்குள் அவை நூற்றுப்பத்து ஆகிவிட்டன. புதுக் கட்டடம், இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் எங்கெங்கே விளக்கு வைப்பது, எவ்வளவு வெளிச்சம் விழவேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தவர் அவர்தான். இன்று ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அதை வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்குள் மனைவி பங்கஜவல்லியோடு மண்டபத்தில் இருக்கவேண்டும். அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். வெற்றிலைத் தட்டும் பழத்தட்டும் காரின் பின்சீட்டில் இருந்தன. அவை போய்ச் சேர்ந்தால்தான் அங்கே தட்டு மாற்ற முடியும்.

வல்லியும் காரில்தான் இருந்தாள். அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் சொல்லாத அஞ்சு நிமிஷமா!

அதிகாரி அருள்தாஸ் இருட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"லைட்டப் போடுங்க சார், அளந்து காட்டிடறேன்" என்றார் சிவக்கொழுந்து.

"போடக்கூடாது."

சுவிட்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"சிறப்பு விருந்தினர் வந்துதான் அமுக்கணும்."

"எப்ப வருவாரு?"

"வந்துட்டாரு. கீழ எங்கயோ நிக்கிறாரு. இருட்டுல வழி தெரியலையாம்."

சிவக்கொழுந்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டார். கையெழுத்து அந்தப் பக்கம் இருந்தது.

"அப்ப நான் எப்படி சார் அளக்கறது?"

"எல்லாத்தையும் அளக்க வேணாம். படத்துல லைட் இருக்கிற எடத்துல வெளிச்சம் இருக்கும்னு நான் ஒத்துக்கறேன். லைட் இல்லாத எடத்த மட்டும் அளந்துட்டு வாங்க."

அந்தக் கும்மிருட்டிலும் மேசையில் விரித்திருந்த படத்தில் அருள்தாஸின் விரல் சரியாகப் போய் விழுந்தது. "முப்பத்தாறு. முப்பத்தெட்டு. நடுவுல?"

சிவக்கொழுந்து படத்தின் மேல் குனிந்தார். அந்த இடத்தில் தீயணைப்புக் குழாய் குறுக்கே போனது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணை விட்டுவிட்டு மேற்கொண்டு வரைந்திருந்தார். அப்புறம் பார்க்கவேயில்லை.

"அம்பது லக்ஸ் வெளிச்சம் இருக்கணும்" என்றார் அருள்தாஸ்.

சிவக்கொழுந்து வெளிச்சம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினார். இப்போது படிகள் முந்நூற்று நாற்பது. பாதி வழியில் காவல்காரர் நின்றிருந்தார். முழங்கால் வரை அவருக்குத் தூணுக்கு அடிப்பதுபோல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருந்தார்கள். இடுப்பு வரை சிமென்ட் ஏறியிருந்தது.

"மூணாவது பேஸ்மென்ட் எங்கப்பா?"

"காலைல இங்கதான் இருந்துச்சு சார்."

"இப்ப?"

"தெரியல. நான் நகர முடியாதே."

யாரைத் திட்டுவது? தூணையா? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். செல்போன் அடித்தது.

"என்னங்க, கண்ணே தெரியல. போன் லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். தங்கச்சி நாலு தடவ கூப்பிட்டுட்டா. எங்கதான் போனீங்க?"

"வந்துட்டேன் வல்லி."

தூரத்தில் அந்த வெளிச்சம் தெரிந்தது. முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில், குழாய்க்கு நேர் கீழே, அவருடைய கார். மீட்டரை நீட்டினார். ஐம்பது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அருள்தாஸ் அவருக்கு முன்னாலேயே அங்கே வந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தேழு. சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

சிவக்கொழுந்துக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் ஏறி வண்டியைக் கிளப்பினார். அருள்தாஸ் பானெட்டில் கை வைத்தார்.

"லைட்டக் கழட்டிட்டு எங்க சார் போறீங்க?"

"இது லைட் இல்ல சார். என் சம்சாரம்."

"படத்துல ஏத்தியாச்சு."

"கையெழுத்தே வேணாம் சார், கிழிச்சுப் போடுங்க!"

"இந்த வெளிச்சத்தப் பாத்துத்தான் விருந்தினர் வந்துட்டிருக்காரு. இப்ப எடுத்தா அவரு எங்க போவாரு?"

சிவக்கொழுந்து காரைவிட்டு இறங்கினார். தன் போன் விளக்கைப் போட்டுத் தலைக்கு மேல் தூக்கினார். "அவளுக்குப் பதிலா நான் நிக்கறேன். அவ போகட்டும் சார். அங்க ஒரு பொண்ணு மாலையோட உக்காந்திருக்கு."

மீட்டர் நூறு காட்டியது.

"கண்ணு கூசுது. அணைங்க" என்றார் அருள்தாஸ். "படம் வரைஞ்சவரே லைட்டா நிக்கக்கூடாது. விதி."

சிவக்கொழுந்து அணைத்தார்.

வல்லி கண்ணாடியை இறக்கினாள். பட்டுப்புடவை கசங்கியிருந்தது. தலையில் வைத்த பூ வாடத் தொடங்கியிருந்தது. "இன்னும் எவ்ளோ நேரங்க?"

அருள்தாஸ் படத்தைத் திருப்பி, விளக்கின் ஆயுள் என்ற கட்டத்தைக் காட்டினார். சிவக்கொழுந்தின் கையெழுத்துத்தான். ஐம்பதாயிரம் மணி நேரம் என்று எழுதி, பெருமையாக அடிக்கோடும் போட்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம்" என்றார் சிவக்கொழுந்து.

வல்லி போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.