மோதிர விரலின் குழி

"மாமி, உங்க வலது கையை இறுக்கி மூடிக் காட்டுங்கோ."

கூடத்தில் பேச்சு நின்றது. இதை மட்டும் கேட்காதே என்று நீரஜா அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மாமியார் கையைப் பத்தி வாயைத் திறந்தயோ, அப்புறம் அந்த ஆத்துல எனக்கு இடமே இல்லேடி." கேட்டுவிட்டேன்.

அக்காவின் மாமியார் கோமளம் மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். எதிரே ஜமக்காளத்தில் அடையாறு ஸ்ரீனிவாசராகவனும் அவர் மனைவியும். அக்கா புருஷனான அத்திம்பேருக்கு இரண்டாம் தாரமாகத் தங்கள் பெண்ணைக் கொடுக்க நாள் பார்க்க வந்தவர்கள். அக்காவின் மாமனார் வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால்.

"யாரு இந்தப் பொண்ணு?" என்றாள் அடையாறு மாமி.

"சமையல்காரன் ரெண்டாவது பொண்ணு, சூடாமணி. பி.எஸ்ஸி. பாஸ் பண்ணியிருக்காளாம். அக்காக்காரி மருந்து வச்சா. இவ கை ரேகை பாக்க வந்திருக்கா," என்றாள் கோமளம் மாமி.

மருந்து வைத்தாள். இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அக்கா எட்டு மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். கல்யாணமான பத்தாம் நாள் அத்திம்பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை கால் இழுத்துக்கொண்டு இலையில் விழுந்தார். புருஷனை வசப்படுத்தச் சாதத்தில் எதையோ கலந்துவிட்டாள், சமையல்காரன் மகளுக்குச் சொல்லியா தரவேண்டும் என்றாள் மாமி. அதோடு விடவில்லை. அடுத்த தடவை அவர் விழுந்ததும் அக்காவை எங்கள் வீடு இருக்கிற சித்திரக்குளத்துக்கு இழுத்துவந்து, எட்டுக் குடித்தனமும் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் நிறுத்தி, அதையே உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். மறுமாதம் முதல் அப்பாவைக் கல்யாணச் சமையலுக்குக் கூப்பிடுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். மருந்து வைக்கிற குடும்பத்துக் கையால் யார் சாப்பிடுவார்கள்?

"ரேகை பாக்க வரலை மாமி. மோதிர விரலுக்கு முட்டி இருக்கான்னு பாக்கணும்."

"பைத்தியமா உனக்கு?"

"போன மாசம் அத்திம்பேர் பனகல் பார்க் பக்கத்துல விழுந்தாரே, யாரோ ஜட்கா வண்டில போட்டுக் கொண்டுபோனது நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரிக்குத்தான். அவர் ரத்தத்தை நான்தான் சோதிச்சேன். சுண்ணாம்புச் சத்து பத்து இருக்கவேண்டிய இடத்துல அஞ்சரை. மறுபடி பண்ணினேன். அஞ்சரைதான்."

மாமி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அடையாறு மாமியைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டேளா? வெத்தலைச் செல்லம் மூடாத ஆத்துல சுண்ணாம்புக்குப் பஞ்சமாம்."

அடையாறு மாமியும் சிரித்தாள். நான் அவள் புருஷனிடம் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"மாமா, கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. ரத்தத்துல சுண்ணாம்பு குறையாம பாத்துக்கறது அதோட வேலை. அத்திம்பேருக்கு அது ஒழுங்காத்தான் சுரக்கறது, உடம்புதான் அதைக் காதுல போட்டுக்கலை. அந்தச் சாற்றை ஊசியில ஏத்தியும் டாக்டர் பாத்துட்டார். ஒண்ணும் ஆகலை. இது பிறவியிலேயே வரது, வம்சத்துல ஓடறது. குட்டை உடம்பு, வட்ட மூஞ்சி, கையை மூடினா மோதிர விரல் முட்டி இருக்கிற இடத்துல குழி. பெத்தவ கையைப் பாருன்னார் டாக்டர். அவளுக்கு வலிப்பு வராமலே கூட இருக்கலாமாம்."

"கையைத்தானே கேக்கறா. காட்டிடுங்கோளேன்," என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

மாமி கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "என் ஆத்துல உக்காந்துண்டு என்னைச் சோதனை போடறாளா? வெளில போடி."

நான் சுவரைக் காட்டினேன். அங்கே ஒரு சிறு பையனின் படம், மாலை போட்டு. "அத்திம்பேரோட அண்ணா. ஏழு வயசுல ஜன்னி கண்டு போனான்னு சொல்லியிருக்கேள். அவனுக்கு யார் மாமி மருந்து வச்சா?"

மாமனாரின் பேப்பர் கீழே இறங்கியது. இதைச் சொல்லத்தான் வந்தேன், சொன்னதற்கு எனக்கு வருத்தம் கிடையாது.

உள்ளே இருந்து அத்திம்பேர் வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அம்மா, இவ சொல்றது நிஜமா?" என்றார். மூச்சு வாங்கியது. இன்னொரு தரம் கேட்டார், இன்னும் வேகமாக மூச்சு வாங்கியது. அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைவிரல்கள் விறைத்து ஒன்றாய்க் குவிந்தன.

மாமி எழுந்த வேகம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. முதல் முதலில் அவர் விழுந்த அன்றும் இப்படித்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்: யாரும் கூப்பிடுமுன் மாமியின் இடுப்புச் சாவிக்கொத்து கையில் இருந்ததாம். வலிப்புக்கு இரும்பு. இப்போதும் கொத்தை உருவி, இறுக்கிப் பிடித்து, மகன் கையில் அழுத்தினாள்.

அடையாறு மாமி குனிந்து பார்த்தாள். சாவியை மூடிய அந்தக் கையில் நடுவிரல் முட்டி இருந்தது, சுண்டுவிரல் முட்டி இருந்தது. நடுவில் ஒரு புளியங்கொட்டை வைக்கிற அளவுக்குக் குழி.

"கிளம்புங்கோ," என்றாள் அவள் புருஷனிடம்.

நான் அத்திம்பேர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் பிரிந்தன. அதற்குள் வாசலில் அடையாறுக்காரர்களின் வண்டி போய்விட்டது.

டாக்டர் எழுதிய சீட்டை அத்திம்பேர் சட்டைப் பையில் வைத்தேன். மாமியிடம் சொன்னேன்: "சுண்ணாம்புச் சத்துப் பொடி மூணு வேளை, சாதத்தோட. வைட்டமின் சொட்டு தினம். ஆயுசு பூரா. இனிமே நீங்கதான் அவர் சாப்பாட்டுல மருந்து வைக்கணும்."

மாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "அவனுக்கு வலிப்பு உண்டுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். "தெரிஞ்சா யார் பொண்ணு குடுப்பா?"

"அதனாலதான் எங்களை மாதிரி இல்லாதவா ஆத்துல பொண்ணு எடுத்தேள்."

"நீரஜாவை அனுப்பி வை. நாளைக்கே வரட்டும். அவளை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"குழாயடிக்கு வந்து இதைச் சொல்லுங்கோ. எட்டுக் குடித்தனத்துக்கும் கேக்கிறாப்பல."

"அங்கேல்லாம் நான் எப்படிடி வருவேன்?"

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். "அவளை வரச் சொல்லு, சூடாமணி." குரல் நலிந்திருந்தது. இந்த மனிதர் எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

வருவாள். சொன்னால் இன்றைக்கே வருவாள். ஆனால் இவர்கள் கூப்பிடவில்லை என்றுதான் அக்காவிடம் சொல்லப்போகிறேன். கேட்டதற்கு முகத்தில் அறைந்தாற்போலப் பேசினார்கள், வேறு பெண் நிச்சயமாகிவிட்டது, அந்த வீட்டை மறந்துவிடு என்று சொல்லப்போகிறேன். அழுவாள். அழட்டும்.

"சொல்றேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.