இருபத்தோரு வயது டைரக்டர்

டோக்ஜான் நாலு வருஷமும் அல்மாட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பொருளாதாரம் படித்தாள். நான் குறிப்பெடுப்பேன், அவள் மதிப்பெண் எடுப்பாள். கடைசி வருஷம் லண்டனில் ஒரு பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பம் போடப்போவதாகச் சொன்னாள். பட்டம் வாங்கிய கையோடு கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் கல்யாணம் பேசிவிடுவார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி அவள் தூக்கத்தைக் கெடுத்தது: நீங்கள் பொறுப்பேற்று நடத்திய வேலை எது?

பொங்கிய பாலைக்கூட அவள் பொறுப்பாக இறக்கியதில்லை. அதனால் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு தாய்மாமன் கென்ஷெபையிடம் போனாள். அவர் அடுக்குமாடி கட்டித் தருகிறவர். சகோதரி பெற்ற பிள்ளை வாய்விட்டுக் கேட்டுவிட்டால் கசாக்குகளான எங்களில் மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. அந்தக் காலத்தில் குதிரை கேட்டார்கள், இப்போது கார் கேட்கிறார்கள். இவள் அவருடைய கம்பெனியில் டைரக்டர் பதவி கேட்டாள்.

மாமா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்.

"கார் கேளு, நாளைக்கே வாங்கித் தரேன். இத மட்டும் கேக்காத."

"சும்மா பேருக்குத்தானே மாமா?"

"பேருலதான் எல்லாமே இருக்கு, கண்ணு."

"புள்ள வாய் தொறந்து கேட்டுட்டா, தம்பி," என்றாள் அவள் அம்மா. அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் சாப்பாட்டில் கவனமானேன். அடுத்தவர் குடும்ப விஷயம், தட்டில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி சூடாக வேறு.

அன்றிலிருந்து வாராவாரம் கம்பெனியிலிருந்து ஒரு கட்டு காகிதம் அவள் வீட்டுக்கு வந்தது. நேர்முகத் தேர்வுக்குக் கண்ணாடி முன் பேசிப் பழகிக்கொண்டே, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். விண்ணப்பக் கட்டுரையை நான்தான் எழுதிக் கொடுத்தேன், என் ஆங்கிலம் கொஞ்சம் தேவலை என்பதால். 'எங்கள் கட்டடத்தில் ஒரு தளம்கூட நான் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எழும்பியதில்லை' என்று அதில் ஒரு வரி. அந்தத் திமிர் முழுக்க என்னுடையது. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மார்ச்சில் இடம் கிடைத்தது. அவள் அம்மா, நல்ல செய்திக்கு எங்கள் வழக்கப்படி, வாசலில் நின்று எங்கள் தலைமேல் மிட்டாயை வாரி இறைத்தாள். அதற்கு மூன்றாம் நாள் மாமா கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் நான்காம் தளம் இடிந்து விழுந்தது. இரண்டு கொத்தனார்கள் செத்துப்போனார்கள். காகிதத்தில் டைரக்டர் அவள்தான் என்பதால் விசாரணைக்கு அழைப்பு டோக்ஜான் பெயருக்கு வந்தது. மாமா போனை எடுக்கவே இல்லை.

துணைக்கு நான் போனேன். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது.

பேருக்குத்தான் டைரக்டர், அந்தக் கட்டடத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அவள் அழாமல் நிதானமாகச் சொன்னாள். லண்டன் கைவிட்டுப் போனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். அதிகாரி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு மாமாவின் வக்கீல் கொடுத்ததாக இரண்டு தாள்களை நகர்த்தி வைத்தார். பெருமை தாங்காமல் அவளே மாமாவுக்கு அனுப்பிய கட்டுரை, ருஷ்ய மொழிபெயர்ப்போடு.

"பார்த்ததே இல்லன்னு சொல்றியேம்மா. அப்போ இத யாரு எழுதினது?"

டோக்ஜான் திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. எனக்கும் ஜூனில் பட்டம், செப்டம்பரில் வங்கி வேலை. நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் சார்," என்றாள் டோக்ஜான்.

அதிகாரி எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.